ஆட்டின் ரோமமும் கணினித் தூரிகையும்

கணினியில் வரைந்த படங்களைப் பள்ளி ஓவியக் கண்காட்சியில் வைக்கலாமா, கூடாதா என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே நம்மிடையே நடந்து வருகிறது. கூடாது என்போர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "அதில் பிள்ளைகள் எங்கே வரைகிறார்கள்? பொத்தானை அழுத்தினால் இயந்திரமே வரைந்து கொடுத்துவிடுகிறதே!" வைக்கலாம் என்போரில் பலரும், வேடிக்கை என்னவென்றால், இதையேதான் நம்புகின்றனர். நல்ல கருவியும் நல்ல தூரிகைத் தொகுப்பும் கைக்கு வந்துவிட்டால் படம் தானே அமைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆக, இரு சாராரும் இயந்திரம் வரைவதாகவே நினைக்கின்றனர். ஒருவர் அதைக் குறை என்கிறார். மற்றவர் அதை வரம் என்கிறார். அவ்வளவே வேறுபாடு.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? இதைச் சோதித்துப் பார்க்க விலங்குகளின் ரோமத்தைப் போல் தகுந்த பொருள் வேறில்லை என்று கருதுகிறோம். ('மயிர்' என்ற நல்ல பழந்தமிழ்ச் சொல்லைப் பேச்சு வழக்கு கெடுத்து வைத்திருப்பதால் 'ரோமம்' என்றே எழுதுகிறோம், தமிழாசிரியைகள் பொறுத்தருள்வார்களாக.) ஒரு மேசையை வரையும்போது நேர்கோடு போட்டுத் தர இயந்திரம் உதவும். வானத்துக்கு மேலிருந்து கீழாக நீலத்தை இளக்கித் தரவும் உதவும். ரோமத்தில் மட்டும், வரைந்தவர் அந்த விலங்கைப் பார்த்தாரா இல்லையா என்பது உடனே வெளிப்பட்டுவிடும்.

ரோமம் என்பது உடலின் மேல் விரித்த ஒரு கம்பளம் அன்று. அதற்கு ஒரு போக்கு உண்டு. பசுவின் முகத்தைப் பாருங்கள். நெற்றியில் ஓரிடத்தில் ரோமம் வட்டமாகச் சுழன்று, அங்கிருந்து நாற்புறமும் பிரிந்து ஓடும். அதைத்தான் சுழி என்கிறோம். மாட்டுச் சந்தைக்குப் போகும் நம் ஊர்ப் பெரியவர்கள் பல்லைப் பார்ப்பதோடு சுழியையும் பார்த்தே விலை பேசுவர். இந்தச் சுழி ஆகும், அந்தச் சுழி ஆகாது என்ற அவர்களுடைய கணக்கை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் ரோமம் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் படிகிறது என்பதை அவ்வளவு கூர்ந்து பார்த்த கண் எந்த ஓவியனுக்கும் பொறாமையூட்டும். முதுகில் வால் நோக்கிப் படியும் ரோமம், விலாவில் சற்றே கீழ்நோக்கிச் சாயும். முன்கால் உடலோடு சேருமிடத்தில் இரு திசை ரோமங்கள் ஒன்றோடொன்று முட்டி ஒரு வரப்புப் போல எழும். மூக்கருகே நெல் உமியைவிடக் குட்டையாக இருப்பது, கழுத்துக்கு வரும்போது நீண்டிருக்கும்.

நிறத்தின் கதை இன்னும் சுவையானது. நம் வீட்டு முற்றத்து அணிற்பிள்ளையின் நிறம் என்ன? சாம்பலா, பழுப்பா? இரண்டும்தான். அதன் ஒற்றை ரோமத்தை எடுத்துப் பார்த்தால் அந்த ஒன்றிலேயே கருமையும் வெளுப்பும் பட்டை பட்டையாக மாறி மாறி வரும். பல்லாயிரம் பட்டைகள் சேர்ந்து நம் கண்ணுக்கு ஒரு கலவை நிறமாகத் தெரிகின்றன. முயலுக்கும் அப்படியே. எனவே சாம்பல் நிறக் குப்பியைத் திறந்து அப்பினால் அணில் வராது. சிமெண்டால் செய்த அணில்தான் வரும். கறுப்பு வெள்ளாடும் கறுப்பு அன்று. வெயில் படும் முதுகில் செம்பழுப்பு தெரியும்; வானத்தைப் பார்த்திருக்கும் பகுதியில் நீலம் ஓடும்; வயிற்றடியில் செம்மண் தரையின் நிறம் ஏறியிருக்கும். முழுக் கறுப்பு, காதின் உட்குழிவிலும் கால் இடுக்கிலுமாகச் சில இடங்களில்தான்.

இனி, அந்தப் புகழ் பெற்ற 'ரோமத் தூரிகை'க்கு வருவோம். கணினி ஓவியச் செயலிகளில் ஆயத்தத் தூரிகைகள் பல கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தால் நூறு ரோமங்கள் ஒரே சமயத்தில் விழும். இது எப்படி வேலை செய்கிறது? சில ரோமங்கள் கொண்ட ஒரு சிறு படத்தை அச்சுப் போல் வைத்துக்கொண்டு, நம் கை போகும் வழியெல்லாம் செயலி அதையே அடுத்தடுத்துக் குத்திக்கொண்டு போகிறது. கோலப் பொடியை நிரப்பித் தரையில் உருட்டும் ஓட்டைக் குழல் நம்மில் பலர் வீட்டில் இருக்கும். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் உருட்டிய கோலத்தையும் புள்ளி வைத்துப் போட்ட கோலத்தையும் தெருவில் போகிற யாரும் பிரித்துச் சொல்லிவிடுவார்கள் அல்லவா? அதே பூ, அதே இடைவெளியில், மறுபடியும் மறுபடியும். ரோமத் தூரிகையும் அப்படித்தான். திசையைச் சற்று மாற்றிக் குத்தும் வசதி அதில் இருக்கலாம். ஆனால் ஆட்டின் தோள் எங்கே திரும்புகிறது என்பது அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு நாம் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

இதன் விளைவைக் கிறிஸ்துமஸ் காலத்தில் காணலாம். வாழ்த்து அட்டைகளில் கணினியால் வரையப்படும் ஆடுகளைப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது, பஞ்சு மூட்டைக்கு நான்கு கால் வைத்தவை. அவற்றை வரைகிற பிள்ளைகள் தினமும் பள்ளிக்கு வரும் வழியில் செம்மறி மந்தையைத் தாண்டித்தான் வருகிறார்கள். அந்த ஆடுகளுக்குப் பஞ்சு எங்கே இருக்கிறது? தமிழகத்துச் செம்மறிகளில் பெரும்பாலானவை கம்பளி தராதவை. மேச்சேரி ஆட்டுக்கும், வெள்ளையில் செந்திட்டுகள் கொண்ட வேம்பூர் ஆட்டுக்கும், செம்பழுப்பு நிறச் சென்னைச் சிவப்பு ஆட்டுக்கும் உடம்பெல்லாம் குட்டையான, படிந்த ரோமமே. கம்பளி வேண்டுமென்றால் நீலகிரி ஆட்டைத் தேடிப் போகவேண்டும். கோயம்புத்தூர் ஆட்டுக்கும் சற்றே முரட்டுக் கம்பளி உண்டு. பெத்லகேம் பக்கத்து ஆடுகளுக்குக் கம்பளி இருக்கிறதே என்று சகோதரிகள் யாரேனும் கேட்கலாம். உண்மைதான். அவாசி என்னும் அந்த நாட்டு இனத்துக்கு நல்ல கம்பளி உண்டு. ஆனால் அதற்கு முகம் பழுப்பு. வாலோ கொழுப்பேறிப் பருத்துத் தொங்கும். அட்டைகளில் அந்த வாலையும் காணோம். ஆக, நம் ஊர் ஆடும் இல்லை, இடையர் கண்ட ஆடும் இல்லை. தூரிகைத் தொகுப்பு செய்தவர் மனத்தில் இருந்த ஏதோ ஓர் ஆடு.

ஆட்டுக்குட்டியை எப்படி வரைவது என்பதற்கு நம் திருச்சபைக் கலையிலேயே ஒப்பற்ற சான்று இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் சுர்பரான் 1635-க்கும் 1640-க்கும் இடையில் தீட்டிய 'இறைவனின் செம்மறி' இன்று மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. கால்கள் கட்டப்பட்டு ஒரு பலகையின் மேல் கிடக்கும் குட்டி, பின்னால் இருள், வேறொன்றும் இல்லை. தலையைச் சுற்றி ஒளிவட்டம்கூட இல்லை. அதன் கம்பளியைச் சுர்பரான் இழை இழையாக வரையவில்லை. சுருள் சுருளாக, கொத்துக் கொத்தாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு கொத்துக்கும் ஒளி விழும் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று. கொத்துகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் அழுக்கேறிய மங்கல் நிறம். தூய வெள்ளை மிகச் சில இடங்களில்தான். அந்த அழுக்கு நிறமே அதை உயிருள்ள குட்டியாக்குகிறது. அது உயிருள்ள குட்டியாக இருப்பதாலேயே கட்டிய கால்கள் நம்மை வருத்துகின்றன. பஞ்சு மூட்டையின் காலைக் கட்டினால் யாருக்கு வருத்தம் வரும்?

ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1502-இல் வரைந்த முயலும் இவ்வாறே புகழ் பெற்றது. வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிறு படம், ஒளி பட்டு மங்கிவிடும் என்ற அச்சத்தால் அபூர்வமாகவே காட்சிக்கு வருகிறது. அவர் முதலில் இளம் பழுப்பு நீர்வண்ணத்தைப் பூசி, அதன்மேல் கருங்கோடுகளும் வெண்கோடுகளுமாக நுண்ணிய தூரிகையால் இழைத்தார். கோடுகளை எண்ணினால், ஓர் உண்மையான முயலின் ரோமங்களில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆயினும் தொட்டால் மெத்தென்றிருக்கும் போலத் தோன்றுகிறது. கோடுகள் ஒவ்வொன்றும் தத்தம் இடத்துக்குரிய திசையில் போவதே காரணம். நம் நாட்டில், ஜஹாங்கீர் அரசவை ஓவியர் அபுல் ஹசன் தீட்டியதாகக் கருதப்படும் அணில்கள் படமும் இதற்கு இளைத்ததன்று. முகலாய ஓவியர்கள் தம் நுண்தூரிகையை அணில் வாலின் ரோமத்தைக் கொண்டே செய்துகொண்டார்கள் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அணிலின் ரோமத்தை அணிலின் ரோமத்தாலேயே தீட்டினார்கள்!

இவர்கள் செய்ததைக் கணினியில் செய்ய முடியுமா? முடியும் என்பதே நம் கருத்து. அதுவும் அதே வரிசையில்தான் செய்ய முடியும். கணினி ஓவியத்தில் 'அடுக்கு' என்றொரு வசதி உண்டு. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைத்து ஒவ்வொன்றிலும் படத்தின் ஒரு பகுதியை வரைவது போன்றது அது. 1994-இல் ஃபோட்டோஷாப்பின் மூன்றாம் பதிப்பில் வந்த இவ்வசதி, இன்று இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா போன்ற செயலிகளிலும் இருக்கிறது. அடித்தாளில் ஆட்டின் உருவத்தை ஒரே நிறத்தில் நிரப்பிவிட வேண்டும். இந்த நிலையில் அது ஆடு போலவே இருக்க வேண்டும். ரோமம் வந்து உருவப் பிழையை மூடிவிடும் என்று நம்பக் கூடாது. அடுத்த தாளில் ஒளியும் நிழலும் மட்டும். விலா ஒரு பானை போல உருண்டது, கழுத்து ஒரு குழாய் போன்றது என்பது இங்கேயே தெரிந்துவிட வேண்டும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் இந்தப் பெரிய நிழல்கள் தெளிவாகத் தெரியும்.

மூன்றாம் தாளில்தான் கொத்துகள் வருகின்றன. இங்கேதான் பொறுமை வேண்டும். ரோமம் தனித்தனியாக நிற்பதில்லை. நாலைந்து சேர்ந்து நுனியில் கூம்பி நிற்கும். அந்தக் கூம்பு அடுத்த கொத்தின் மேல் சிறு நிழலை வீழ்த்தும். ஆக, நாம் வரைய வேண்டியது பெரும்பாலும் கொத்துகளுக்கு இடையிலுள்ள நிழலைத்தான். ஒளியை எங்கே வைப்பது என்பதற்கு நம் மாணவியர் வேறெங்கும் போக வேண்டாம். காலை வணக்க வரிசையில் முன்னால் நிற்கும் தோழியின் தலையைப் பார்த்தால் போதும். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையில், முடி மேலிருந்து கீழாக ஓட, பளபளப்போ முடிக்குக் குறுக்காக ஒரு வளையமாக ஓடும். குதிரையின் கழுத்திலும் எருமைக் கன்றின் விலாவிலும் அப்படியேதான். முடியின் நீளத்துக்கு வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே போகிறவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தால் பாதி வேலை குறையும்.

இரு நிறங்கள் சந்திக்கும் இடம் இன்னொரு சோதனை. கறுத்த உடலும் முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடுகளும் கொண்ட பால்கன்னி ஆட்டையோ, வெள்ளையில் கறுப்புத் தெறித்த கரும்போரைக் கொடி ஆட்டையோ எடுத்துக்கொள்வோம். கறுப்பும் வெள்ளையும் அங்கே கோடு கிழித்தது போலப் பிரிவதில்லை. ரோமம் வெள்ளையிலிருந்து கறுப்பு நோக்கிப் படியும் ஓரத்தில் வெள்ளை நுனிகள் கறுப்பின் மேல் ஏறி ரம்பப் பல் போல் நிற்கும். எதிர் ஓரத்தில் கறுப்பு நுனிகள் வெள்ளையின் மேல் ஏறும். ஒரே திட்டின் இரண்டு ஓரமும் இரண்டு விதம். எந்த ஆயத்தத் தூரிகைக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

தனி ரோமங்கள் கடைசியாக வருகின்றன. அவை எங்கே? காதோரம், தாடை, முதுகின் விளிம்பு, வால் நுனி ஆகிய இடங்களில், உருவம் பின்னணியோடு சேரும் ஓரத்தில் சில. உள்ளே இங்கொன்றும் அங்கொன்றும். அவ்வளவு போதும். பார்ப்பவர் கண் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். கணினியில் வரைவோருக்கு ஓர் ஆபத்து இங்கே காத்திருக்கிறது. படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு, மூக்கின் பக்கத்தில் ஒரு மணி நேரம் ரோமம் வரைந்துகொண்டிருக்கலாம். பழைய அளவுக்குத் திரும்பினால் அந்த ஒரு மணி நேர உழைப்பு ஒரு புள்ளியாகத் தெரியும்; மூக்கு மட்டும் கூர்மையாகவும் மற்றெல்லாம் மங்கலாகவும் இருக்கும். காகிதத்துக்கு இந்த ஆபத்து இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, "பெரிய திரைப்பட நிறுவனங்களில் கணினிதானே ரோமத்தைச் செய்கிறது?" என்று வாதிடுவோர் உண்டு. பிக்ஸார் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட 'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்தில் நீல நிறப் பூதமாக வரும் சல்லிக்குச் சுமார் 23 லட்சம் ரோமங்கள் உண்டு. ஒருவரும் அவற்றை ஒவ்வொன்றாக வரையவில்லை என்பது மெய். ஆனால் கலைஞர்கள் உடலெங்கும் சில வழிகாட்டி ரோமங்களை நட்டு, அவற்றின் திசையையும் நீளத்தையும் வகுத்துக் கொடுத்த பிறகே இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்பியது. சுழியைப் பார்க்கும் கண் அங்கேயும் தேவைப்பட்டது.

நிற்க. பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணினி ஓவியம் என்றதும் விலையுயர்ந்த கருவிகள் கண்முன் வந்து நிற்கும். அழுத்தத்தை உணரும் எழுதுகோலும் வரைபலகையும் இருந்தால் கோட்டின் அடி தடித்தும் நுனி மெலிந்தும் எளிதில் அமையும். ரோமத்துக்கு அது பெரிய உதவிதான். ஆனால் அது இல்லாமல் முடியாது என்பதில்லை. வீட்டில் இருக்கும் கைபேசியிலேயே ஐபிஸ் பெயின்ட் போன்ற செயலியில் விரலால் வரையலாம். விரலுக்கு அழுத்தம் கிடையாதென்றாலும், கோட்டின் முனைகளை மெலிதாக்கித் தரும் வசதி அமைப்பிலேயே உண்டு. கொத்து வரைவதற்கு விரல் போதும். ஆகவே மகள் கேட்டாள் என்று கடன் வாங்கிக் கருவி வாங்க வேண்டாம் என்றும், கைபேசியை எடுத்தாலே விளையாடுகிறாள் என்று பிடுங்கவும் வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். கருவி உள்ள பிள்ளையின் படம் மினுமினுப்பாக இருக்கிறதென்று பரிசு அதற்கே போய்விடக் கூடாதே என்ற கவலையும் நமக்கு உண்டு. அந்தக் கவலைக்கு மருந்து கணினிப் படங்களைத் தள்ளிவைப்பதன்று. எதைப் பார்த்து மதிப்பிடுகிறோம் என்பதை மாற்றுவதே.

இதற்கெல்லாம் மேலே, சில ஆண்டுகளாக இன்னொன்றும் வந்துவிட்டது. "மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி" என்று தட்டினால் போதும். செயற்கை நுண்ணறிவு முழுப் படத்தையே தந்துவிடுகிறது. ரோமம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். அழகில்லை என்று சொல்ல மாட்டோம். அது மாணவியின் ஓவியம் இல்லை என்று மட்டும் சொல்வோம். கடையில் வாங்கிய முறுக்கு நன்றாக இருக்கலாம். சமையல் போட்டியில் அதை வைப்பதில்லை. "இயந்திரமே வரைகிறது" என்று பெரியவர்கள் சொல்வது இந்த ஒன்றுக்கு முழுக்கப் பொருந்தும். இதையும் கையால் வரைந்த கணினி ஓவியத்தையும் ஒரே கூடையில் போட்டு இரண்டையும் வாசலிலேயே நிறுத்தினால், வாரக்கணக்கில் கொத்துக் கொத்தாக நிழல் வைத்த பிள்ளைக்கு அநீதி இழைத்தவர்களாவோம். பிரித்தறிவது கடினம் என்ற சாக்கும் வேண்டாம். படத்தை அடுக்கு அடுக்காகத் திறந்து காட்டச் சொன்னால் போதும். அடித்தாள் எங்கே, நிழல் எங்கே, கொத்து எங்கே என்பது எதிரே உட்கார்ந்து பேசும் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆகவே அடுத்த கண்காட்சிக்கு நாம் வேண்டுவது இவ்வளவுதான். கணினிப் படங்களுக்கும் சுவரில் இடம் கொடுக்கட்டும். அவற்றை வரைந்தவர் தம் அடுக்குகளை நடுவர் முன் திறந்து காட்டட்டும். விலங்குப் படமாக இருந்தால், அந்த விலங்கை நேரில் பார்த்துப் பென்சிலால் போட்ட ஒரு தாளையும் பக்கத்தில் ஒட்டட்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. ரோமம் எந்தப் பக்கம் படிகிறது என்று காட்டும் நாலு அம்புக்குறிகள் இருந்தால்கூடப் போதும். நீர்வண்ணத்தில் வரைவோருக்கும் இதே விதி இருக்கட்டும். காலண்டரைப் பார்த்துப் புலி வரைவது கணினி வருவதற்கு வெகு முன்பே இருந்த பழக்கந்தான்.

பார்ப்பதற்கு ஏற்ற நேரம் மாலை நான்கரை மணி. வெயில் சாய்ந்து விலாவில் பக்கவாட்டாக விழும்போது ஒவ்வொரு கொத்தின் நிழலும் தனித்தனியாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பு. மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடுகள் ஓரிடத்தில் நிற்காது. எனவே முழு ஆட்டையும் வரைய முயல வேண்டாம். முதல் நாள் கழுத்து மட்டும், மறுநாள் தோள் மட்டும். மேய்ப்பவரிடம் கேட்டுக்கொண்டு ஒருமுறை முதுகைத் தடவியும் பார்க்கலாம்: தலையிலிருந்து வாலுக்கு ஒருமுறை, வாலிலிருந்து தலைக்கு ஒருமுறை.